ஓய்ந்த இயந்திரங்களும் அறிவியல் புனைகதையும்: வாசகர் கேள்வி – பதில்

மலைப்பகுதிகளில் கைவிடப்பட்டுக் கிடக்கும் பழைய இயந்திரங்களைப் படமெடுத்து, அந்தப் படங்களிலிருந்து அறிவியல் புனைகதை எழுதிப் பார்க்குமாறு சென்ற இதழில் இளம் எழுத்தாளர்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்த கடிதங்களில், பலருக்கும் பொதுவாக இருந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

மூடிக் கிடக்கும் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குள் உரிமையாளரின் அனுமதியோடு சென்று படங்கள் எடுத்தேன். படங்கள் நன்றாகவே வந்துள்ளன. ஆனால் கதை எழுத உட்கார்ந்தால், துருவையும் ஒட்டடையையும் வருணிப்பதோடு நின்றுவிடுகிறது. சில சமயம் பேய்க்கதையாகிவிடுகிறது. எங்கே தவறுகிறேன்?
– குன்னூர் வாசகி

துரு என்பது இயந்திரம் நின்ற பிறகு அதற்கு நேர்ந்தது. நிற்பதற்கு முன் அது என்ன செய்தது, எந்த விசை அதற்குள் நுழைந்தது, அந்த விசை எந்த வழியாகப் போய் எந்தப் பொருளை என்னவாக மாற்றியது, பக்கத்தில் யார் நின்றார்கள் என்பவைதாம் கதைக்கு வேண்டியவை. நீங்கள் அனுப்பியுள்ள படங்களில் பெரும்பாலானவை மேற்பரப்பையே காட்டுகின்றன: உரிந்த வண்ணம், சிலந்தி வலை, உடைந்த சன்னல் வழியாக விழும் வெளிச்சம். அவை அழகானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே வலையும் அதே வெளிச்சமும் சமவெளியிலுள்ள ஒரு பழைய அரிசி ஆலையிலும் கிடைக்கும். தேயிலைத் தொழிற்சாலையில் மட்டுமே இருக்கக்கூடியது எது என்று தேடுங்கள்.

அதற்கு எளிய வழி, இலை போன வழியே நீங்களும் போவதுதான். பறித்து வந்த பச்சை இலையைப் பரப்பி, மணிக்கணக்கில் காற்றோட்டத்தில் வாடவிடுவார்கள். பழைய தொழிற்சாலைகளில் இதற்கென்றே மேல்மாடி இருக்கும். வாடிய இலை அங்கிருந்து கீழே இறங்கி ரோலருக்கு வரும். அங்கே இலை நசுங்கிச் சுருண்டு, காற்றுப்பட்டு நிறம் மாறி, பிறகு ட்ரையரின் வெப்பக் காற்றில் உலர்ந்து, சலிக்கப்பட்டுப் பெட்டிக்குப் போகும். இப்படிப் பார்த்தால் அந்தக் கட்டடத்தின் உயரமும், அதன் நீண்ட சன்னல் வரிசையும், மாடித் தளத்திலுள்ள திறப்பும் இயந்திரத்தின் உறுப்புகளே என்பது விளங்கும். மழைக்காலத்தில் வெளிக்காற்றே ஈரமாக இருப்பதால் இலை வாட மறுக்கும் என்று, தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் எந்த டீ மேக்கரைக் கேட்டாலும் சொல்வார். வானிலையின் சம்மதத்தைப் பெற்றே இயங்கும் ஓர் இயந்திரம் என்பது அறிவியல் புனைகதைக்கு எவ்வளவு வளமான பொருள் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்து, தலையை உயர்த்திக் கூரையைப் படமெடுங்கள். பழைய தொழிற்சாலைகளில் ஒரே ஓர் என்ஜின் இருக்கும். அது கூரையை ஒட்டி ஓடும் ஒரு நீண்ட ஷாஃப்டை, அதாவது இரும்புத் தண்டை, சுழற்றும். அந்த ஷாஃப்டிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி ஒவ்வோர் இயந்திரத்துக்கும் விசை தரும். ஓர் இயந்திரத்தை மட்டும் நிறுத்த வேண்டுமானால், அதன் பெல்ட்டைப் பக்கத்திலுள்ள லூஸ் புல்லிக்கு, அதாவது இயந்திரத்தோடு இணையாமல் தனியே சுழலும் சக்கரத்துக்கு, தள்ளிவிட வேண்டும். புல்லி வீணாகச் சுழலும், இயந்திரம் நிற்கும், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். இதை அப்படியே ஒரு தொலைதூரக் குடியிருப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். எல்லா வீடுகளும் ஒரே ஷாஃப்டிலிருந்து விசை பெறுகின்றன. தன் வீட்டுப் பெல்ட்டை லூஸ் புல்லிக்குத் தள்ளிவிட்டு ஒரு நாள் ஓய்ந்திருக்கும் உரிமை யாருக்கு உண்டு என்று கேட்ட மாத்திரத்தில், கதைக்குள் மனிதர்களும் அவர்களுடைய சச்சரவுகளும் வந்துவிடுவார்கள். எஸ்டேட் வாழ்க்கையை அறிந்த உங்களுக்கு அந்த மனிதர்களைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை.

இயந்திரத்தின் பெயர்ப்பலகையை விட்டுவிடாதீர்கள். செய்த நிறுவனம், ஊர், வரிசை எண் ஆகியவை வார்ப்பிரும்பிலேயே பதிந்திருக்கும். நீலகிரியில் பழைய ட்ரையர்கள் சிலவற்றில் சிரோக்கோ என்ற பெயரைக் காணலாம். வடகிழக்கு இந்தியாவின் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த சாமுவேல் டேவிட்சன் என்பவர், 1881இல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் தொடங்கிய தொழிற்கூடத்தின் பெயர் அது. தேயிலையை உலர்த்துவதற்காகக் காற்றை ஆராய்ந்தவர் உருவாக்கிய விசிறிகள் பிற்பாடு கப்பல்களுக்கும் சுரங்கங்களுக்கும் காற்றோட்டம் தரப் போயின. இலைக்காகப் பிறந்த ஒன்று சுரங்கத்தில் மனிதர்களுக்கு மூச்சு தந்தது என்ற இந்தச் செய்தி, பெயர்ப்பலகையைப் படமெடுத்து வந்து தேடிப் பார்த்தவருக்கே கிடைக்கும்.

இனிமேல் படமெடுக்கும்போது, விசை நுழையும் இடத்தில் தொடங்கி அது வெளியேறும் இடம் வரை தொடர்ந்து எடுங்கள். கைப்பிடி எங்கே வழவழவென்று தேய்ந்திருக்கிறது, எந்த போல்ட் மட்டும் வேறு அளவில் இருக்கிறது, எங்கே வெல்டிங் தழும்பு தெரிகிறது என்று பாருங்கள். செய்தவர் நினைத்தபடி இயந்திரம் நடந்துகொள்ளாத இடங்கள் அவை. இங்கிருந்த ஒரு ஃபிட்டர் தன் யோசனையைச் சேர்த்த இடங்களும் அவையே.

பழைய இயந்திரம் போன்ற படத்தைச் செயற்கை நுண்ணறிவு சில நொடிகளில் வரைந்து தருகிறது. அட்டையையும் சேற்றையும் தாண்டி நேரில் போக வேண்டிய தேவை என்ன?
– கூடலூர் கல்லூரி மாணவர்

அப்படி வரையப்பட்ட படங்கள் சிலவற்றை எடுத்து, ஒரு பற்சக்கரத்தை மட்டும் கவனமாகப் பின்தொடர்ந்து பாருங்கள். அது எதையும் சுழற்றாது. அல்லது ஒன்றையொன்று சுழலவிடாமல் தடுக்கும் இரண்டு சக்கரங்களோடு சேர்ந்திருக்கும். குழாய் எங்கோ தொடங்கிச் சுவருக்குள் போய்விடும். பார்வைக்கு அது இயந்திரமாகத் தெரிந்தாலும், அதனிடம் கேட்பதற்கு நம்மிடம் கேள்வி எதுவும் இராது, ஏனெனில் அதில் எந்த உறுப்பும் ஒரு காரணத்தோடு அங்கே வைக்கப்படவில்லை. மெய்யான இயந்திரத்தில் ஒரு சிறு துளைக்கும் காரணம் உண்டு: எண்ணெய் விடுவதற்கு, காற்று வெளியேறுவதற்கு, பழுது பார்க்கும்போது ஊசி செருகுவதற்கு. அந்தக் காரணத்தைத் தேடும்போதுதான் கதை பிறக்கிறது. ஆகவே போய்ப் பாருங்கள். அட்டை கடித்த இடத்தில் சிறிது நேரம் குருதி வழியும், பெரிய தீங்கில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் மலை ரயில் என்ஜினைப் படமெடுத்தால் பயன் உண்டா? அல்லது கைவிடப்பட்டவை மட்டும்தானா?
– லவ்டேல் வாசகர்

பெரும் பயன் உண்டு. நின்றுபோன இயந்திரத்தைப் படிக்கக் கற்றுத்தருவது ஓடும் இயந்திரம்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும், உதகை வரை 1908இலும் திறக்கப்பட்டு, 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமான நம் மலை ரயில் பாதையில், கல்லாறு முதல் குன்னூர் வரையிலான ஏற்றத்தில் தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆப்ட் வகுத்த முறை அது. இரண்டு பற்சட்டங்கள் பக்கம் பக்கமாகக் கிடக்கும்; ஒன்றின் பல் நிற்குமிடத்தில் மற்றதன் பள்ளம் நிற்கும்; எனவே என்ஜினின் பற்சக்கரம் ஒரு கணமும் பிடியை விடுவதில்லை. மிகச் செங்குத்தான இடத்தில் ஏறக்குறைய பன்னிரண்டு அடி முன்னேறினால் ஓரடி உயர வேண்டும். அங்கே என்ஜின் பெட்டிகளுக்குக் கீழ்ப்புறத்தில் நின்று அவற்றை மேலே தள்ளும்.

சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்ட எக்ஸ் வகை நீராவி என்ஜின்களில் நான்கு சிலிண்டர்கள் உள்ளன. சமமான பாதையில் இரண்டு மட்டும் வேலை செய்யும். ஏற்றம் வந்ததும், அந்த இரண்டில் உழைத்து அழுத்தம் குறைந்த அதே நீராவி மற்ற இரண்டுக்குள் புகுந்து பற்சக்கரத்தைச் சுழற்றும். கடினமான பாதை வந்தபோது அவர்கள் புதிய ஆற்றலைத் தேடவில்லை. வெளியே விடவிருந்ததையே மறுபடியும் உழைக்க வைத்தார்கள். என் கருத்தில், விண்கலக் கதை எழுதும் எவரும் குன்னூர் நிலையத்தில் நடைமேடையில் நின்று, அனுமதிக்கப்பட்ட தொலைவிலிருந்து, அந்த மேல்–கீழ்ச் சிலிண்டர்களைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு வர வேண்டும்.

எங்கள் பகுதியில் வெள்ளையர் காலத்துத் தங்கச் சுரங்கங்களின் எச்சங்கள் உள்ளன. செவ்வாய்க் கோளில் நடக்கும் சுரங்கக் கதைக்காகக் குகைகளுக்குள் போய்ப் படமெடுக்க நண்பர்களோடு திட்டமிட்டிருக்கிறேன். தங்கள் ஆலோசனை வேண்டும்.
– பந்தலூர் இளைஞர்

முதலில் உங்கள் உயிர். பழைய சுரங்கங்களுக்குள் ஒருபோதும் நுழையாதீர்கள். ஊன்றுமரங்கள் உளுத்துப்போயிருக்கும், மழைக்குப் பின் கூரை மண் எப்போது சரியும் என்று யாராலும் சொல்ல இயலாது, உள்ளே தேங்கிய காற்றில் மூச்சுக்குத் தேவையான ஆக்சிஜன் இல்லாமல் போகலாம். இரகசியமாகத் தங்கம் தேடி உள்ளே போனவர்கள் உயிரிழந்த செய்திகளை உங்கள் பகுதியினர் அறிவார்கள். தாதுக்கல்லை அரைத்த இடங்களில் தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் பயன்பட்டது. அங்கே மண்ணைக் கிளறாதீர்கள், தொட்ட கையோடு உணவு உண்ணாதீர்கள். யானை நடமாடும் பகுதி என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியிலிருந்து தெரிவதை மட்டும், பகலில், ஊர்ப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு எடுங்கள். கதைக்கு அதுவே போதும். ஏனெனில் உங்கள் ஊரின் கதை குகைக்குள் இல்லை.

கம்பெனிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, அந்தப் பகுதியின் ஓடை மணலில் பொன் அரிப்பது உள்ளூர் மக்களுக்குத் தெரிந்த தொழில். 1870களில் பாறையிலேயே பொன் இருப்பதாகப் பேச்சு பரவியது. ஆஸ்திரேலியாவில் சுரங்க அனுபவம் பெற்ற பிரவ் ஸ்மித் என்பவரைக் கொண்டு அரசு ஆராய்ந்தது. 1880இல் நம்பிக்கையூட்டும் அறிக்கை வந்தது. லண்டனில் கம்பெனிகள் அடுத்தடுத்துத் தொடங்கப்பட்டுப் பங்குகள் விற்கப்பட்டன. தேவாலாவையும் பந்தலூரையும் சுற்றி நிலம் வாங்கப்பட்டது. இயந்திரங்கள் கடல் கடந்து வந்து மலையேறின. பாறையை உடைக்கும் ஸ்டாம்ப் மில்லில், சுழலும் தண்டிலுள்ள முட்டுகள் கனமான இரும்புத் தூண்களை ஒவ்வொன்றாக உயர்த்திக் கைவிடும்; தூண் தன் எடையால் விழுந்து கல்லைப் பொடியாக்கும். அதன் சத்தம் பள்ளத்தாக்கின் மறுபக்கம் வரை கேட்டிருக்கும். ஆனால் கல்லில் எதிர்பார்த்த அளவுக்குப் பொன் இல்லை. சில ஆண்டுகளுக்குள் கம்பெனிகள் கவிழ்ந்தன. நிலம் தேயிலைக்கும் காட்டுக்கும் போயிற்று.

இங்கே உங்களிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஓர் இயந்திரம் நின்ற இடத்திலேயே கிடக்கிறது என்றால், அதை மலையிறக்கும் செலவு காயலான் கடையில் கிடைக்கும் விலையைவிட அதிகமாக இருந்தது என்று பொருள். கைவிடப்பட்ட ஒவ்வொரு கொதிகலனும் ஒரு கணக்கின் விடை. இதே கணக்குதான் நிலவிலும் நடந்தது: அப்பல்லோ பயணிகள் இறங்கிய ஆறு கலங்களின் அடிப்பகுதிகள் இன்றும் அங்கேயே நிற்கின்றன, ஏனெனில் அவற்றைத் திரும்பக் கொண்டுவரும் எரிபொருளை யாராலும் சுமந்து போயிருக்க முடியாது. நாளை செவ்வாய்க்கோ குறுங்கோள்களுக்கோ போகிறவர்களும் இதையே செய்வார்கள். அங்கே துளைக்கருவி தரையைத் தொடுவதற்கு முன்பே இங்கே பங்குகள் விற்றுத் தீர்ந்திருக்கும். தாது ஏமாற்றிவிட்டது என்ற செய்தி வரும். இயந்திரங்களை அங்கேயே விட்டுவிடுவார்கள். அவற்றை இயக்கப் போன தொழிலாளர்களைத் திரும்ப அழைத்துவரும் செலவை யார் கணக்கிட்டார்கள் என்பது உங்கள் கதையாகலாம். இதை எழுத உங்களைவிடத் தகுதியானவர் இல்லை, ஏனெனில் இது உங்கள் ஊரில் ஒரு முறை நடந்துவிட்டது.

என் தந்தை இந்து நகரிலிருந்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ‘பாழடைந்த இடம், படத்துக்கு அருமையாக இருக்கும்’ என்று வெளியூர் இளைஞர்கள் பேசும்போது மனம் வருந்துகிறது. அந்த இடத்தை வைத்து அறிவியல் கதை எழுதுவது முறைதானா?
– உதகை வாசகி

உங்கள் வருத்தம் நியாயமானது. ஓர் இடத்தின் அழிவை மட்டும் அழகாகப் பார்க்கிறவர், அங்கே உழைத்தவர்களைப் படச்சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறார். நீங்கள் எழுதுங்கள் என்றே நான் சொல்வேன். உங்களைப் போன்றவர்கள் எழுதாவிட்டால், வெளியூர்க்காரர் எழுதுவது மட்டுமே எஞ்சும்.

1960இல் தொடங்கப்பட்டு, பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தோடு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த அரசு நிறுவனத்தின் படச்சுருள்களும் எக்ஸ்-ரே ஃபிலிம்களும் ‘இந்து’ என்ற பெயரில் நாடெங்கும் போயின. எத்தனையோ மருத்துவமனைகளில் முறிந்த எலும்புகளைக் காட்டிய ஃபிலிம் உதகையின் தூசில்லாத குளிர்க்காற்றில் செய்யப்பட்டது. எண்ணியல் கேமராக்கள் வந்தபின் உலகெங்கும் ஃபிலிம் தொழிலே சுருங்கிப்போனது.

ஃபிலிம் செய்யும் முறையை நினைத்துப் பாருங்கள். ஒளிபட்டால் மாறும் வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து, மெல்லிய தாளாக ஓடும் பிளாஸ்டிக்கின் மேல் ஒரே சீராகப் பூச வேண்டும். எல்லா நிறங்களையும் உணரும் ஃபிலிமை முழு இருளில்தான் பூச முடியும். வேறு சிலவற்றுக்கு மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் அனுமதி. ஒளியைப் பிடிக்கும் பொருளைச் செய்கிறவர் தம் வேலைநேரம் முழுதும் ஒளியில்லாமல் இருக்க வேண்டும். விசை எங்கே, கதவு எங்கே, ஓடும் சுருளின் விளிம்பு எங்கே என்பதைக் கையும் காதும் அறிந்திருக்க வேண்டும். எந்த விண்வெளி நாடகத்தையும்விட இது எனக்கு வியப்பானது. கண் பயன்படாத ஒரு கோளில் இறங்கும் குழு, யாருடைய அனுபவத்தைத் துணைக்கு அழைக்கும்? உங்கள் தந்தையுடையதை.

ஆகவே கேமராவை எடுத்துக்கொண்டு இந்து நகருக்குப் போகாமல், தந்தையின் அருகில் உட்காருங்கள். முதல் நாள் இருட்டறைக்குள் எப்படி நடந்தார், எதிரே வருபவரோடு மோதாதிருக்க என்ன செய்தார்கள், இயந்திரம் பழுதாகப் போகிறது என்பதை எந்த ஓசையில் அறிந்தார், மூன்றாம் ஷிஃப்ட் முடிந்து பனியில் வெளியே வந்தபோது கண் எப்படிக் கூசியது என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால் அவருடைய கைகளைப் படமெடுங்கள். கதை அச்சாகும்போது அவருக்கு நன்றி சொல்ல மறவாதீர்கள்.

பைக்காரா, குந்தா மின் நிலையங்களின் ராட்சதக் குழாய்கள் மலைச்சரிவில் இறங்குவதைச் சாலையிலிருந்தே பார்க்க முடிகிறது. படமெடுக்கலாமா?
– மஞ்சூர் பள்ளி ஆசிரியர்

மின் நிலையம், அணை, பாதுகாப்புத் துறை இடங்கள் ஆகியவற்றைத் துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் படமெடுக்கக் கூடாது. 1923ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டப்படி தடைசெய்யப்பட்ட இடங்கள் என்று அறிவிக்கப்படுபவை உண்டு. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையின் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம். முதுமலை புலிகள் காப்பகத்தை ஒட்டிய பகுதிகளில் வனத்துறையின் விதிகளும் சேர்ந்துகொள்ளும். ட்ரோன் அறவே கூடாது.

ஆனால் மாணவர்களோடு கணக்குப் போடுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. 1932இல் மின்சாரம் தரத் தொடங்கிய பைக்காராத் திட்டத்தில், கிளன்மார்கன் உச்சியிலிருந்து சிங்காராவுக்கு நீர் 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்திலிருந்து குழாயில் இறங்குகிறது. உராய்வு இழப்பை விட்டுவிட்டுப் பார்த்தால், அடியில் அது வினாடிக்கு 130 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பீறிடும். அந்த நீர்க்கோல் பெல்டன் சக்கரத்தின் இரட்டைக் கிண்ணங்களில் மோதி, நடுவிளிம்பில் இரண்டாகப் பிளந்து, ஏறக்குறைய வந்த திசைக்கே திரும்பி, தன் வேகத்தில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டுச் சோர்ந்து விழும். பிறகு அதே கணக்கை, ஈர்ப்பு நம்முடையதில் ஐந்தில் இரண்டு பங்கைவிடச் சற்றுக் குறைவாக உள்ள செவ்வாய்க்குப் போடச் சொல்லுங்கள். அதே வேகம் வேண்டுமானால் மலை எவ்வளவு உயரமாக இருக்க வேண்டும்? விடையைக் கண்டுபிடித்த மாணவன் அந்த மலையில் ஒரு குடியிருப்பைத் தானாகவே கட்டத் தொடங்குவான்.

கொடைக்கானலில் நாங்கள் போய்ப் படமெடுக்கக்கூடிய இப்படிப்பட்ட தொழிற்சாலைகள் இல்லை. எங்களுக்கு என்ன வழி?
– கொடைக்கானல் வாசகர்

உங்களிடம் சூரிய வானாய்வகம் இருக்கிறது. 1899இல் நிறுவப்பட்ட அது இன்றும் இயங்குவது, கைவிடப்பட்டதன்று. பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் பகுதியைப் பார்த்துவிட்டு, ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் எனும் கருவியைப் பற்றிப் படியுங்கள். ஒரு மெல்லிய பிளவு வழியாகச் சூரியனின் ஒரு கீற்றை மட்டும், அதிலும் ஒரே ஒரு நிறத்தை மட்டும் அது பார்க்கும். அந்தப் பிளவு சூரிய வட்டத்தின் குறுக்கே நகர நகர, கண்ணாடித் தகட்டில் கீற்றுக் கீற்றாக முழுப் படம் உருவாகும். அங்கே பணியாற்றிய ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளின் ஓரப் பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் கண்டறிந்தார். நூறாண்டுக்கும் மேற்பட்ட சூரியப் படங்கள் அங்கே சேர்ந்துள்ளன. ஒரு நேரத்தில் ஒரு கீற்றை மட்டுமே காணக்கூடிய உயிரினம், தன் எதிரே நிற்பவரை முழுமையாக அறிய எவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளும்? அதற்குள் அவர் மாறிவிடமாட்டாரா?

கைப்பேசிக் கேமரா போதுமா? மழைக்காலத்தில் எடுக்கலாமா?
– கேத்தி வாசகர்

போதும். மூடுபனி நிழலைக் கரைத்து இரும்பின் எல்லா மடிப்புகளையும் சமமாகக் காட்டும். நனைந்த துருவின் நிறம் ஆழமாகத் தெரியும். எனவே மப்பும் மந்தாரமுமான நாள் வெயில் நாளைவிட நல்லது. இருண்ட கொட்டகைக்குள் ஃப்ளாஷைத் தவிர்த்து, கைப்பேசியை ஒரு பலகைமேல் அசையாமல் வைத்து எடுங்கள். பெரிய கேமரா வைத்திருப்பவர்கள், குளிரிலிருந்து அடுப்பெரியும் அறைக்குள் வந்ததும் பையைத் திறக்காமல் சிறிது நேரம் விட்டுவைக்க வேண்டும். இல்லாவிட்டால் லென்ஸில் ஈரம் படியும். மலையின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை எளிதில் பிடித்துவிடும் என்பதால், சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வைத்திருங்கள். பழைய பாய்லர்களைச் சுற்றி வெள்ளை நாராக உதிரும் உறை இருந்தால் அது கல்நாராக இருக்கலாம். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. விலகி நின்று எடுங்கள்.

பழைய தைல அடுப்பு ஒன்றைப் படமெடுத்து, ‘2471ஆம் ஆண்டு. செவ்வாயின் செம்மண் வெளியில் ஒரு பிரம்மாண்டமான பழைய இயந்திரம் மர்மமாக நின்றது’ என்று கதையைத் தொடங்கியிருக்கிறேன். சரியாக இருக்கிறதா?
– கோத்தகிரி வாசகி

உங்கள் படம் மிக நன்றாக இருக்கிறது. கதையின் தொடக்கம் படத்தை மறந்துவிட்டது. ‘பிரம்மாண்டம்’, ‘மர்மம்’ என்ற இரண்டு சொற்களையும் எடுத்துவிட்டு, தைலம் காய்ச்சும் முறையை நினைவுகூருங்கள். யூகலிப்டஸ் இலையைக் கலத்தில் திணித்து அடுப்பு மூட்டினால், நீராவி இலையினூடே எழுந்து எண்ணெயைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு குழாய்க்குள் போகும். குளிர்ந்த நீரில் மூழ்கிய சுருள்குழாயில் அது மறுபடியும் திரவமாகும். எண்ணெய் இலேசானது என்பதால் நீரின் மேல் மிதக்கும், அதை வடித்து எடுப்பார்கள். நம் மலை உயரத்தில் நீர் கடல்மட்டத்தைவிட ஆறேழு டிகிரி குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியின் அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே அங்கே உங்கள் கலம் திறந்தவெளியில் நிற்க முடியாது, மூடிய கூடத்துக்குள்தான் இருக்க வேண்டும். செம்மண் வெளியை விட்டு உள்ளே வாருங்கள்.

கோத்தகிரியில் எண்ணெயை எடுத்துக்கொண்டு நீரைக் கொட்டிவிடுகிறோம். செவ்வாயில் ஒருவர் இலையைக் காய்ச்சுகிறார் என்றால், அவருக்கு வேண்டியது நீர்தான். எண்ணெய் வேண்டாத மிச்சம். அந்த மிச்சத்தின் வாசனை கூடம் முழுதும் பரவுகிறது. அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது கழிவின் நாற்றம். கோத்தகிரியில் பிறந்து அங்கே போன பாட்டிக்கு அது சளி பிடித்த இரவுகளில் அம்மா நெஞ்சில் தடவிய தைலம். கூடத்தின் காற்றைச் சுத்திகரிக்கும் குழு, அந்த எண்ணெய் ஆவியை அறவே அகற்ற வேண்டும் என்று தீர்மானிக்கும் நாளில் கதையைத் தொடங்குங்கள். முதல் வாக்கியத்தில் ஆண்டு வேண்டாம். பாட்டி வடிகுழாயின் கீழே ஒரு சிறு புட்டியைப் பிடித்திருக்கட்டும். எழுதியதை உங்கள் படத்தோடு சேர்த்து எனக்கு அனுப்புங்கள்.